ஈரம் படாத டவராக்கள்

அத்தியாயம் எட்டு

மாட்டுங்காவின் அந்த நாலு மாடிக் கட்டடத்துப் படிக்கட்டு, ஏறுகிறவனின் ஆயுளில் படிக்கு ஒரு நாளைக் கழித்துக்கொள்கிற ரகம். கரீம் பாட்சாவுக்குப் படிக்கட்டு புதிதல்ல. மருந்துக் கம்பெனி ரெப்பாக இருபத்திரண்டு வருஷம், தோல் பையைத் தூக்கிக்கொண்டு பம்பாயில் இருக்கிற டாக்டர்களின் படியெல்லாம் ஏறி இறங்கியவர். அந்தப் படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சந்திரனுக்கே போய் இரண்டு சாம்பிள் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் இன்றைக்கு இரண்டாவது மாடியிலேயே இரைத்தது.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. தங்கை பீவி. எடுக்கவில்லை. எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

பீவியின் மகன் பைசான் தாராவியில் மருந்துக் கடை வைத்திருக்கிறான். காலையிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கிறான். ஆஸ்துமா பம்ப் என்று வெறும் காற்றை அடைத்து விற்றான், அதனால் ஒரு பெண் செத்துப் பிழைத்தாள் என்று புகார். ஆறு மணிக்கு வழக்குப் பதிவு. அப்புறம் கடைக்கு சீல்.

"பாய்," என்றாள் முன்னால் ஏறிக்கொண்டிருந்த இசக்கி, திரும்பாமலே. "மேல போயி, என் மருமகன், என் தங்கச்சி மகன்னு ஒரு சொல்லு வரக் கூடாது."

"வராது தங்கச்சி. இது பூட்டு போட்ட வாயி."

"காலைலருந்து மூணு தரம் தொறந்துட்டு."

"அது காத்து வரட்டும்னு தொறந்தது."

இசக்கி சிரிக்கவில்லை. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினைந்து வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தவள். இப்போது திலக் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். மருந்து சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் பாட்சாதான் அவளுக்குத் துணை. எரிந்துபோன தீக்குச்சியைக் காட்டினால் அது எந்த வீட்டு அடுப்பைப் பற்றவைத்தது, அன்றைக்கு அங்கே என்ன குழம்பு என்றுகூடச் சொல்லிவிடுவாள் என்று தாராவியில் பேச்சு. பாதியாவது உண்மை.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் சந்திரமௌலி. எழுபத்தொரு வயது. பாங்க் மேனேஜராக ரிட்டயர் ஆனவர், இப்போது கட்டடச் சொசைட்டியின் சேர்மன். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மௌலி மாமா. இசக்கியை விசாரிக்கச் சொல்லி அமர்த்தியதும் அவர்தான். பைசான்மேல் புகார் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய முத்து முத்தான கையெழுத்தைப் பார்த்து ஸ்டேஷனில் இரண்டு கான்ஸ்டபிள்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

"வாங்கோ, உக்காருங்கோ. என்ன பாய், இப்படி இரைக்கறது? மத்தியானம் என்ன சாப்டேள்?"

"பிரியாணி மாமா."

"அதான். வயித்துல காஸ்."

மறுப்புச் சொல்வதற்குள் அலமாரியிலிருந்து ஒரு பழைய பேரீச்சம்பழ டின் இறங்கிவிட்டது. அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். யாருக்குக் காய்ச்சல் விட்டாலும், யாருக்கு இடுப்பு வலி நின்றாலும், மிஞ்சிய மாத்திரை குப்பைக்குப் போகாது. மௌலி மாமா டின்னுக்குத்தான் போகும். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம். எட்டிப் பார்த்த பாட்சாவுக்கு, தான் வேலை பார்த்த கம்பெனியும் அதன் ஏழு ஜென்மப் பகைக் கம்பெனிகளும் ஒரே டின்னுக்குள் கட்டிப்பிடித்துப் படுத்திருப்பது தெரிந்தது. அந்த டின்னை வைத்து ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியை இரண்டு நாள் நடத்தலாம், பிரசவ வார்டு உட்பட.

மாமா ஒரு வெள்ளை மாத்திரையைப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்கென்று இரண்டாக்கினார். "முழுசு வேண்டாம். பாதி போறும்." பாதியை எடுத்து, கோயிலில் திருநீறு தருவதுபோல் பாட்சாவின் உள்ளங்கையில் வைத்தார். பாட்சாவும் அதே பவ்யத்தோடு வாயில் போட்டுக்கொண்டார். மாமாவின் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

"ஞாயித்துக்கிழமை நடந்ததை இன்னொரு தரம் சொல்லுங்க மாமா," என்றாள் இசக்கி.

"அஞ்சு மணிக்குக் கீழ முத்தத்துல மீட்டிங். பழைய கட்டடத்தை இடிச்சுப் புதுசு கட்டித் தரேன்னு பில்டர் பேப்பரோட வந்துட்டான், அன்னிக்கே கையெழுத்து வேணும்னு. பேப்பர் பூரா பித்தலாட்டம். எங்க செக்ரட்டரி ராஜலக்ஷ்மி, முதல் மாடி, அத்தனையும் தோண்டி எடுத்து எழுதி வச்சுண்டிருந்தா. எழுந்து நின்னு சிங்கம் மாதிரி பேச ஆரம்பிச்சா. பத்தே நிமிஷம். மூச்சு திணறித்து. பம்பை எடுத்து அடிச்சா, அடிச்சா, பத்து தரம் அடிச்சா. ஒண்ணும் கேக்கல."

"அதுக்கு முன்னாடி எப்பவாச்சும் கேக்காம இருந்திருக்கா?"

"ஒரு தரம்கூட இல்லை. பன்னண்டு வயசுலேர்ந்து ஆஸ்துமா. அவ ஆபீஸ் தாராவில, வர வழியில அந்தக் கடைல வாங்கினது. போலி. வேற என்ன?" பாக்குவெட்டியைத் துடைத்து மூடினார். "என் பொண்ணு மாதிரி. அவ உதடு நீலமாறதை நான் இந்தக் கண்ணால பாத்தேன்."

பாட்சா தரையைப் பார்த்தார். இந்த மனுஷனை வெறுக்க முடிந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்.

"இன்னைக்கு மறுபடி மீட்டிங்னு சொன்னாங்க," என்றாள் இசக்கி.

"அஞ்சு மணிக்கு. ராஜி பேசலேன்னா பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுடுவா, நாங்கள்ளாம் தெருவுல நிக்கணும். பயமில்லை. பெரிய கடைல புதுப் பம்பு வாங்கியாச்சு."

முதல் மாடிக்கு இறங்கினார்கள். ராஜலக்ஷ்மி சமையலறைச் சுவரைப் பார்த்து, "அன்பார்ந்த உறுப்பினர்களே," என்று மூன்றாவது முறையாக ஆரம்பித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது, ஒல்லி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் வந்தனா சோபாவில் கால் மடித்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை நீட்டினாள்.

"ஆன்ட்டி, போலீஸ்கிட்டயும் சொன்னேன், யாரும் கேக்கலை. ஹாஸ்பிடல்ல பம்புல இருக்கற அதே மெடிசின்தான் மாஸ்க்ல குடுத்தா. ரெண்டு வாட்டி. குச் நஹீ ஹுவா, ஒண்ணுமே ஆகலை. அப்புறம் பெரிய டாக்டர் வந்து வேற ஏதோ போட்டார். அதுக்கு மேலதான் மூச்சு வந்தது."

பாட்சா காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கம்பெனி மறந்தாலும் பழக்கம் மறக்காது; டாக்டர் கிறுக்கலை அவர் குர்ஆன் ஓதுகிற வேகத்தில் படிப்பார். சால்பியூட்டமால், இரண்டு முறை, பலனில்லை. இப்ராட்ரோபியம், பலன். நாடி அறுபத்து நாலு.

"அதே மருந்து ஆஸ்பத்திரியிலயும் கேக்கல," என்றார் மெதுவாக. "அப்ப ஆஸ்பத்திரிக்கும் என் மரு..."

இசக்கி இருமினாள்.

"...மருந்து விக்கிற அந்தப் பையன்தான் சப்ளை பண்ணினானாமா?"

மனசுக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. வெடித்த வேகத்தில் நமுத்தும் போனது. பம்ப் நல்லதாகவே இருக்கட்டும். பின் ஏன் கேட்கவில்லை? அதற்குப் பதில் சொல்லாமல் ஸ்டேஷனில் போய் நின்றால், மாமனின் பாசம் என்று சிரித்து அனுப்புவார்கள். தவிர அந்த அறுபத்து நாலு உறுத்தியது. மூச்சுக்கு அலைகிறவளுக்கு, அதுவும் பத்து தடவை பம்ப் அடித்தவளுக்கு, நாடி நூற்றுமுப்பதில் தலைதெறிக்க ஓடியிருக்க வேண்டும். இதுவோ, கல்யாணச் சாப்பாடு முடித்து ஈஸி சேரில் சாய்ந்தவனின் நாடி.

"வேற ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களா அன்னைக்கு?" என்று இசக்கி கேட்டாள்.

"டாக்டரும் கேட்டார். ஒண்ணுமே இல்லை. நேக்கு மாத்திரைன்னாலே ஆகாது." ராஜலக்ஷ்மி தட்டில் இரண்டு காபியோடு வந்தாள். வருகிற வழியிலேயே டம்ளர்களிலிருந்து பாதி காபி டவராவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவள் கை கொடிக் கயிற்றில் போட்ட துணியாக ஆடிக்கொண்டிருந்தது. "மன்னிச்சுக்கோங்கோ. மீட்டிங் இருந்தா காலைலேர்ந்தே இப்படித்தான். நாலு பேர் பாத்தா உடம்பு பூரா உதறும்."

"அம்மா மீட்டிங் வச்சா எல்லாரும் டவராலதான் குடிக்கணும், ஆன்ட்டி. பில்டிங் ஜோக்," என்றாள் வந்தனா. "போன ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அதிசயம். பன்னண்டு காபி ஒரே தட்டுல கொண்டு போனா. ஒரு சொட்டு சிந்தலை. நான் போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், வேர்ல்ட் ரெக்கார்ட்னு."

இசக்கி போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்சாவும் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு டம்ளர். பன்னிரண்டு டவரா. பன்னிரண்டும் இப்போதுதான் துடைத்து அடுக்கியதுபோல் காய்ந்து பளபளத்தன.

"போன தடவதான பில்டர் நேர்ல வந்தாரு?" என்றாள் இசக்கி.

"ஆமாம். நாலு தடியன்களோட. பயத்துல செத்துடுவேன்னுதான் நெனச்சேன்," என்றாள் ராஜலக்ஷ்மி. "என்னமோ, அன்னிக்குக் கை கட்டுப்பட்டது. பகவான் செயல்."

இசக்கி டவரா காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள். "பாய், வெளிய வாங்க."

படிக்கட்டுத் திருப்பத்தில் நிறுத்தினாள். மணி நாலரை தாண்டியிருந்தது. கீழே முற்றத்தில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மருந்து தெரியாது. கை தெரியும். பொய்க் கிளெய்ம் குடுக்க வந்த கை எத்தனையோ பாத்திருக்கேன். பயம் இருக்கையில கை ஆடாம இருக்காது. இந்தம்மாவுக்குப் பயம் இருந்திச்சு. கை மட்டும் ஆடல. அப்படி ஒரு மருந்து இருக்கா?"

"இல்லாம? நான் வித்த சரக்குல்லா அது." இருபத்திரண்டு வருஷத்துப் பாடம் தானாக வாயில் ஓட ஆரம்பித்தது. "பயம் வந்தா சிம்பதெடிக் நரம்பு உடம்பு பூரா சேதி அனுப்பும், டாக்டர். அட்ரினலின் தெருத் தெருவா ஓடி ஒவ்வொரு கதவா தட்டும். நெஞ்சுக் கதவத் தட்டினா நெஞ்சு ஓடும். கைக் கதவத் தட்டினா கை நடுங்கும். நம்ம மாத்திரை என்ன செய்யும்? பீட்டாங்கிற கதவு பூட்டுக்குள்ள முன்கூட்டியே போயி உக்காந்துக்கிடும். தட்டுறவன் தட்டட்டும், சேதி உள்ள போகாது. இன்டர்வியூ பயம், மேடை பயம், ஒரே மாத்திரை. புரோப்ரானலால். தலைவலிக்கும் நல்..."

நின்றுவிட்டார்.

"என்ன பாய்?"

அவர் கை படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தது. அந்தப் பாடத்தில் கடைசியாக ஒரு வரி உண்டு. டாக்டர் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய வரி. கேட்டவர்கள் குறைவு. கேட்காதவர்களிடம் அவர் சொன்னதில்லை. சொன்னால் ஆர்டர் குறையும்.

"மூச்சுக்குழல்லயும் அதே கதவு இருக்கு தங்கச்சி. அங்க தட்டினா குழல் விரியும். பம்ப்ல இருக்குற மருந்து அந்தக் கதவுக்கான சாவி. இந்த மாத்திரைக்கு நெஞ்சு எது, கை எது, மூச்சு எதுன்னு தெரியாது. எல்லாப் பூட்டுலயும் போயி உக்காந்துரும். அப்புறம் நீ பத்து சாவி போடு, நூறு சாவி போடு, ஆஸ்பத்திரிச் சாவியே போடு. துவாரத்துலதான் ஆளு உக்காந்திருக்கானே. அந்தப் பெரிய டாக்டர் போட்டது வேற வாசல் வழியாப் போற மருந்து. அதான் கேட்டிருக்கு." கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஆஸ்துமாக்காரங்களுக்கு இதக் குடுக்கவே கூடாது. அதான் அந்த வரி."

"சாவி நல்ல சாவி. அப்ப பைசான் தப்பு பண்ணல."

"பண்ணல. ஆனா இந்தம்மா எந்த மாத்திரையும் சாப்பிடலன்னு சொல்லுதாகளே. டாக்டர்ட்டயே சொல்லியிருக்காக. பொய் சொல்லுத முகமில்ல அது."

இசக்கி அவர் பக்கம் திரும்பினாள். "பாய், இன்னைக்கு நீங்க ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களா?"

"நானா? இல்லியே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துக்கு முன்னால?"

"இல்லைங்கேன். பிரியாணி, அதுக்குப் பெறகு மௌலி மாமா வீட்டுல... அது மருந்தா? அது மாமா குடுத்த..."

வாயைத் திறந்தபடியே நின்றார் கரீம் பாட்சா. இருபத்திரண்டு வருஷம் மருந்து விற்றவர். தன் வயிற்றுக்குள் இருக்கிற மாத்திரையைத் தானே மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கட்டடத்தில் பதினெட்டு வருஷமாக யாருமே சேர்த்ததில்லை. கையில் வைத்தது மாமா. மாத்திரை மருந்தாக இருந்தால்தானே டாக்டரிடம் சொல்வார்கள்.

இசக்கி ஏற்கெனவே முதல் மாடிக் கதவைத் தள்ளியிருந்தாள். "வந்தனா, அம்மா எங்க?"

"மேல போனா ஆன்ட்டி, இப்பத்தான். மாமாவை நமஸ்காரம் பண்ணிட்டுத்தான் மீட்டிங்குக்குப் போவா."

அடுத்து நடந்ததைக் கட்டடத்துக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஐம்பத்தாறு வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ கரீம் பாட்சா, ஆயுளில் படிக்கு ஒரு நாள் பறிக்கும் அந்தப் படிக்கட்டில் மூன்று மூன்று படியாகத் தாவினார். சுவரில் இருந்த காரை உதிர்ந்தது. இரண்டாம் மாடியில் காயப்போட்டிருந்த அப்பளம் அவரோடு மூன்றாம் மாடிவரை போனது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பைசானின் முகமும் தெரியவில்லை. நீலமான உதடுதான் தெரிந்தது, அவர் பார்த்தே இராத உதடு.

மௌலி மாமா வீட்டுக் கதவு திறந்திருந்தது. ராஜலக்ஷ்மி நமஸ்காரம் பண்ணி எழுந்து உள்ளங்கையை நீட்டியிருந்தாள். அதில் இளஞ்சிவப்பாக ஒரு பாதி மாத்திரை. இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர், தளும்பிக்கொண்டு.

பாட்சாவுக்குப் பேச மூச்சில்லை. போன வேகத்தில் அவள் கையைத் தட்டிவிட்டார். மாத்திரை பறந்தது, டம்ளர் உருண்டது.

"என்ன பாய் இது, பொம்மனாட்டி மேல..." சந்திரமௌலி கொதித்து எழுந்தார்.

"ராஜிம்மா," என்றாள் பின்னால் வந்த இசக்கி. "போன ஞாயித்துக்கிழமையும் மாமா இதக் குடுத்தாரா?"

"ஆமாம். கை உதறாம இருக்கறதுக்கு." ராஜலக்ஷ்மி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதுக்கென்ன?"

"இன்னிக்கு ஜாக்கிரதையா பாதிதான் குடுத்தேன்," என்றார் மாமா. "உடம்பு தேறி வந்தவளாச்சேன்னு. அன்னிக்கு முழுசு. நாலாம் மாடிப் புரொபசர் போன மாசம் காலி பண்ணிண்டு போறச்சே குடுத்தது, அவர் தலைவலிக்குச் சாப்பிடறது. மேடைல பேசறதுக்கு முன்னாடியும் போட்டுப்பேன்னு சொல்வர்."

பாட்சா டின்னிலிருந்து அந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருடைய கம்பெனியின் பெயர். சாம்பிள், விற்பனைக்கு அல்ல. எந்தப் படியேறி, எந்த டாக்டரின் மேஜையில் வைத்ததோ.

படிக்கட்டில் இசக்கியிடம் சொன்னதையே இன்னொரு முறை சொன்னார். இந்த முறை நகைச்சுவை இல்லாமல், கடைசி வரியை முதலில் வைத்து. பாங்கில் முப்பத்தாறு வருஷம் தவறு கண்டுபிடித்தே பழகியவர் சந்திரமௌலி. தவறு எங்கே போய் முடிகிறது என்று, பாட்சா முடிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் குடுத்தேன்," என்றார். "ஆம்புலன்ஸ்ல அவ கையைப் புடிச்சுண்டு போனதும் நான்தான்."

ராஜலக்ஷ்மி, "மாமா," என்றாள்.

"அந்தக் கடைக்காரப் பையன்..."

"என் தங்கச்சி மகன், மாமா," என்றார் பாட்சா. பூட்டுப் போட்ட வாய் தானாகத் திறந்தது. இசக்கி தடுக்கவில்லை. "பேரு பைசான். காலைலருந்து பெஞ்சுல இருக்கான். ஆறு மணிக்குக் கேஸ் எழுதிருவாக."

சந்திரமௌலி அவரை நிமிர்ந்து பார்த்தார். காஸ் மாத்திரை கொடுத்த தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இத்தனை நாழி வாயே தொறக்கலியே நீர்."

இசக்கி மேஜையில் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் வைத்தாள். "இங்கயே எழுதிக் குடுங்க மாமா. கையோட ஸ்டேஷனுக்கும் வந்துடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனாவை எடுத்தார். ஐயா என்று ஆரம்பித்தார். அந்த ஐயாவே வரவில்லை; கோணி, இழுத்துக்கொண்டு, வரிசை தப்பிக் கீழே இறங்கியது. பேனா தாளில் தட்டித் தட்டி மை தெறித்தது. "எழுத முடியலை. கை ஆடறது," என்றார் வெட்கத்தோடு. அவருடைய இடது கை, பதினெட்டு வருஷத்துப் பழக்கத்தில், யாரையும் கேட்காமல் பாக்குவெட்டிப் பக்கம் நகர்ந்தது. அங்கே மாத்திரையின் மற்ற பாதி கிடந்தது.

பாட்சா டின்னை மூடித் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பாதியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"ஆடட்டும் மாமா. அப்படியே எழுதுங்க. படிக்கிறவுக படிச்சிக்கிடுவாக."

அவர் எழுதி முடிக்கும்போது ஐந்து பத்து. மூன்று பேரும் இறங்கினார்கள். முற்றத்தில் மீட்டிங் ஆரம்பித்திருந்தது. அவர்களுக்கு முன்பே இறங்கிப் போயிருந்த ராஜலக்ஷ்மி, நாற்காலி முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மறு கையில் இருந்த காகிதத்தின் சலசலப்பு படிக்கட்டுவரை கேட்டது. "அன்பார்ந்த உறு... உறுப்பினர்களே," என்றாள். பில்டரின் ஆட்களில் ஒருவன் சிரித்தான். முன் வரிசையில் பன்னிரண்டு டவராக்களிலும் காபி குளமாக நின்றது.

சந்திரமௌலியின் கால் நின்றுவிட்டது. "தனியா நிக்கறா. நான் பக்கத்துல இருந்தா..."

"வாங்க மாமா," என்று பாட்சா அவர் முழங்கையைப் பிடித்தார். "அவுக பேசிக்கிடுவாக. அங்க ஒருத்தன் ஒத்தையில உக்காந்திருக்கான்."

கேட்டைத் தாண்டும்போது பின்னால் குரல் மறுபடி கேட்டது. உதறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தது. பாட்சா போனை எடுத்தார். முதல் மணியிலேயே பீவி எடுத்துவிட்டாள்.